பீடு நிலத்துப் பறவை

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் மாமா ஒருவர் மூன்று ஏக்கர் வாங்கினார். வாங்கிய மாதமே ஜேசிபி வைத்து வழித்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது களாப்புதர், சூரை, இலந்தை, உடை எல்லாம் வேரோடு புரட்டப்பட்டு ஓரத்தில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன, அந்தக் குவியலுக்கு நடுவே பழுக்காத களாக்காய்கள் கொத்துக் கொத்தாக இன்னும் வாடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கிள்ளினேன், பால் வடிந்து விரலில் பிசுபிசுத்தது. “என்ன மாமா, இவ்வளவு காட்டையும் அழிச்சிட்டீங்களே” என்றேன். “காடா? இது பீடுடா. ஒண்ணுத்துக்கும் ஆகாத பீடு” என்றார்.

பீடு என்பது தெலுங்குச் சொல், தரிசு என்று அர்த்தம். 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் எங்கள் சத்தியவேடு ஆந்திரப் பக்கமும் போனதிலிருந்து நாங்கள் வீட்டில் தமிழும் பத்திரத்தில் தெலுங்குமாக இருக்கிறோம், அதனால் நிலத்தைப் பற்றிப் பேசினால் பாதிச் சொல் தெலுங்கில்தான் வரும். மாமா சொன்னதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. அரசாங்கமே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் மண்டிய நிலம் என்பதும் ஒரு வகை. அதாவது புதர் இருந்தால் அது வீண் நிலம். ஆனால் இந்தப் ‘பீட்டில்’ மட்டுமே வாழத் தெரிந்த பறவை ஒன்று உண்டு, உலகத்தில் வேறு எங்கும் இல்லாமல் ஆந்திரத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் மட்டும் இருந்தது, நம் கண் முன்னாலேயே அது ஏறக்குறைய காணாமல் போயிற்று. அது ஏன், எப்படி என்று தெரிந்தவரை எழுதிப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் ஜெர்டான்ஸ் கோர்சர் என்பார்கள். கடப்பா பக்கம் கலிவிகோடி. கலிவி என்றால் நம் களாச்செடி வகைதான், கோடி என்றால் கோழி. களாக்கோழி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம், எனக்குப் பிடித்திருக்கிறது. கோழி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், நம் வயல்காட்டு ஆள்காட்டியை விடச் சின்னது, 27 சென்டிமீட்டர்தான். ஆள்காட்டி மாதிரியே நீண்ட கால், மண் நிற முதுகு. தொண்டையில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு, அதற்குக் கீழே மார்பில் இரண்டு பழுப்புப் பட்டை, கண்ணுக்கு மேல் அகலமாக ஒரு வெள்ளைக் கோடு. அறிவியல் பெயரில் வரும் ‘பைடார்க்வேட்டஸ்’ என்பது அந்த இரண்டு பட்டையைத்தான் சொல்கிறது. கண் பெரிசு, கண்கிலேடிப் பறவைக்கு இருக்கிற மாதிரி. காரணம் இது ராத்திரிப் பறவை. பகல் முழுவதும் புதரடியில் அசையாமல் கிடக்கும், இருட்டிய பிறகு எழுந்து புதர்களுக்கு நடுவே உள்ள வெற்று மண்ணில் ஓடி ஓடிக் கறையானும் எறும்பும் மற்ற பூச்சிகளும் பொறுக்கும். பறப்பதை விட ஓடுவதில்தான் அதற்கு விருப்பம்.

தாமஸ் ஜெர்டான் சென்னைப் பட்டாளத்தில் மருத்துவராக இருந்தவர், நெல்லூரிலும் வேலை பார்த்தார். 1840களின் பிற்பகுதியில் பெண்ணாற்றுச் சமவெளிப் பக்கத்தில் இதைக் கண்டு, மாதிரியைக் கல்கத்தாவுக்கு அனுப்ப, அங்கே அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்டு பிளைத் 1848இல் முறையாகப் பெயரிட்டார். ஜெர்டானிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது, எந்தப் பறவை கிடைத்தாலும் உள்ளூரில் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வைப்பார். இந்தப் பறவைக்கு அவர் எழுதி வைத்த தெலுங்குப் பெயர் ‘அடவ ஊத்த தித்தி’. ஆங்கில எழுத்தில் அவர் காதில் விழுந்தபடி எழுதியது, ஆகவே உச்சரிப்பு முன்னே பின்னே இருக்கும். ஆனால் முதல் சொல்லில் சந்தேகமில்லை. அடவி. தமிழிலும் அதே சொல்தான். பத்திரத்திலும் வரைபடத்திலும் இன்று பீடு என்று இருக்கிற இடத்தை, அங்கே கண்ணி வைத்துத் திரிந்த ஜனங்கள் பறவையின் பெயரிலேயே காடு என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அப்புறம் இங்கொன்று அங்கொன்றாகத்தான் கண்ணில் பட்டது. 1871 வாக்கில் கோதாவரிப் பக்கம், பத்ராசலம், சிரோஞ்சா வட்டாரத்தில். 1900இல் அனந்தப்பூர் அருகே. அதோடு சரி. அதற்குப் பிறகு 86 வருஷம் யாரும் பார்த்ததாகப் பதிவில்லை, தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், பறவை அறிஞர் சாலிம் அலி உட்பட. அழிந்துவிட்டது என்றே பலரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

நடுவில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வேண்டிய கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. வட ஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போயின, இன்னும் அங்கே தெருவில் தமிழ்தான். அந்தத் தங்கவயலில் எர்னெஸ்ட் மீட்டன் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார், பறவை முட்டை சேர்ப்பதில் பைத்தியம். 1917இல் அவருக்கு ஒரு முட்டை கிடைத்தது. அந்தச் சேகரிப்பு கடல் தாண்டி, கை மாறி, கடைசியில் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வந்து உட்கார்ந்தது. வெகுகாலம் கழித்து ஒருவர் அதைக் கவனித்து, ஓட்டிலிருந்து மரபணு எடுத்து, பழைய பாடம் செய்த பறவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், களாக்கோழி முட்டை! 2013இல்தான் செய்தி வெளியே வந்தது. உலகத்தில் அறியப்பட்ட ஒரே முட்டை அதுதான். ஆக 1900க்கும் 1986க்கும் நடுவில், எல்லோரும் இல்லை என்று நினைத்த காலத்தில், அது கோலார் பக்கம் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்தது யார் என்றால், எந்தப் புதரடியிலிருந்தோ அந்த முட்டையை எடுத்து வந்த ஆள். அவர் பெயர் எங்கும் இல்லை.

1986இலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டி விசாரித்தார். விஞ்ஞானிகளுக்குத்தான் அது அழிந்துபோன பறவை, கடப்பா மாவட்டம் ரெட்டிப்பள்ளிப் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவருக்கு அது ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் திகைத்து நிற்கிற பறவை. ஜனவரியில் அவர் அதை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கூண்டில் அது பிழைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 1988இல் லங்கமல மலைப் பகுதி ஸ்ரீ லங்கமல்லேஸ்வரா சரணாலயம் ஆனது, அதே வருஷம் தபால் தலையும் வந்தது. தபால் தலை போட்டுவிட்டால் நம் நாட்டில் ஒரு பறவைக்கு எல்லாம் செய்தாகிவிட்டது என்று அர்த்தம்.

சரி, அழியவில்லை, சரணாலயமும் வந்துவிட்டது. பிறகு ஏன் மறுபடி காணாமல் போனது?

இங்கேதான் அந்தப் புதர்க்காட்டைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ப. ஜெகநாதன் 2000களில் பல வருஷம் அங்கே கிடந்து இந்தப் பறவையை ஆராய்ந்தவர். ராத்திரியில் மட்டும் நடமாடும், ஆள் அரவம் கேட்டால் ஒளியும், எண்ணிக்கையோ விரல் விட்டு எண்ணுகிற அளவு. இதை எப்படித் தேடுவது? புதர்களுக்கு நடுவே சில மீட்டர் நீளத்துக்கு நைஸான மண்ணைச் சலித்துப் பரப்பி வைத்து, காலையில் போய்க் காலடித் தடம் பார்ப்பார்கள். மூன்று விரல் மட்டும் பதியும், பின்விரல் கிடையாது. கூட ஆள்காட்டித் தடமும் கண்கிலேடித் தடமும் கௌதாரித் தடமும் கிடக்கும், எது எது என்று அளந்து பிரிக்க வேண்டும். தானியங்கிக் கேமரா வைத்தார்கள். கூப்பாட்டைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கவிட்டுப் பதில் வருகிறதா என்று கேட்டார்கள். ‘க்விக்-கூ, க்விக்-கூ’ என்று இரண்டு அசை. அதுவும் பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத் தொடங்கி, சில நிமிஷத்தில் ஓய்ந்துவிடும். அந்தச் சில நிமிஷத்தை விட்டால் மறுநாள்தான்.

அந்த ஆய்வில் வந்த விஷயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு கணக்கு. ஒரு ஹெக்டேரில் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்த பெரிய புதர்கள் 300லிருந்து 700 வரை, சின்னப் புதர்கள் 1,000க்குக் கீழே. இந்த மாதிரி இடத்தில்தான் பறவை இருக்க வாய்ப்பு அதிகம். ஏக்கர் கணக்கில் சொன்னால் 120லிருந்து 280 பெரிய புதர், அதாவது சராசரியாக நாலைந்து மீட்டர் தள்ளித் தள்ளி ஒரு புதர். நடுவில் வெறும் செம்மண், கல், கொஞ்சம் புல். ஓட இடம் வேண்டும், ஓடிப்போய் ஒளிய நிழலும் வேண்டும். ரொம்ப அடர்ந்தால் ஓட முடியாது. ரொம்ப வெளுத்தால் ஒளிய முடியாது. மாமாவின் மூன்று ஏக்கர் ஜேசிபி வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட அதேதான். சின்ன வயசில் அதன் நடுவே ஒற்றையடிப் பாதையில் டவுசரைக் கிழித்துக்கொள்ளாமல் ஓடியிருக்கிறோம். களாக்கோழி எங்கள் பக்கம் இருந்ததாகப் பதிவு ஏதும் இல்லை, அதை உரிமை கொண்டாட நான் வரவில்லை. இந்த மாதிரி நிலம் எப்படி இருக்கும் என்பதற்குச் சொல்கிறேன்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், யார் எதிரி, யார் இல்லை என்ற வழக்கமான பட்டியல் கலைந்துவிடும். ஆடு மாடு மேய்ப்பவர்களைக் காட்டுக்குப் பகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மேய்ச்சல் அளவோடு இருந்தால் புதர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், நடுவில் வெட்டவெளி மிஞ்சும், அது பறவைக்கு வேண்டியது. மேய்ச்சலை அடியோடு நிறுத்திவிட்டால் சில வருஷத்தில் முள் மண்டிப்போகும். அதே ஆட்டுக்காரர் உயரமான கிளையைக் கொக்கியால் இழுத்து வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தால், இரண்டு மீட்டர்ப் புதர் ஒரு மீட்டராகி நிழல் போய்விடும். விறகு வெட்டுவதும் அப்படியே. ஆக எவ்வளவு என்பதுதான் கேள்வி. நூற்றுக்கணக்கான வருஷம் அந்தப் பறவை ஆட்டோடும் விறகுவெட்டியோடும் பிழைத்து வந்திருக்கிறது.

அந்தப் பறவையால் தாக்குப்பிடிக்க முடியாதது வேறு. ஒன்று, புதரை வழித்து வயலும் தோட்டமும் ஆக்குவது. கடப்பாப் பக்கம் எலுமிச்சைத் தோப்பு போட்டால் காசு. முன்னெல்லாம் ஒரு ஏக்கர் முள்ளை வெட்டி வேரைக் கிளப்ப ஒரு குடும்பமே மாதக்கணக்கில் கை கிழிய உழைக்க வேண்டும், அந்தக் கஷ்டமே ஒருவகையில் காட்டுக்குக் காவலாக இருந்தது. இயந்திரம் வந்ததும் அது இரண்டு நாள் வேலை. 1991லிருந்து 2000 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒப்பிட்டபோது, சரணாலயத்தைச் சுற்றிய வட்டாரத்தில் புதர்க்காடு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஒன்பதே வருஷத்தில், சரணாலயம் அறிவித்த பிறகு. இரண்டாவது, மரம் நடுவது. ஆமாம், மரம் நடுவதுதான். தரிசைப் பசுமையாக்குகிறோம் என்று புதரை எடுத்துவிட்டு வரிசையாகத் தைலமரம் நட்டால், தூரத்திலிருந்து பார்க்கக் காடு மாதிரியே இருக்கும். அடியில் ஒரு ஓணான் கூட இருக்காது. இதைச் சொன்னால் மரத்துக்கு விரோதி என்பார்கள். சொல்லட்டும்.

மூன்றாவது தண்ணீர். இது எங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம்.

ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஜீரோ பாயின்ட் என்று ஒரு இடம் இருக்கிறது, கண்டலேறு - பூண்டி கால்வாய் ஆந்திர எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம். தண்ணீர் திறந்துவிட்டால் அமைச்சர்கள் வந்து பூத்தூவுவார்கள். 1983இல் போட்ட ஒப்பந்தம், 1996இல் முதல் முறையாகத் தண்ணீர் வந்தது, எல்லையில் வருஷத்துக்கு 12 டிஎம்சி தர வேண்டும் என்று கணக்கு, அது ஒழுங்காக வந்த வருஷம் எது என்று கேட்கக் கூடாது. ஸ்ரீசைலத்தில் கிளம்பி வேலுகோடு, பிரம்மசாகர், சோமசிலா, கண்டலேறு என்று பல அணைகளைத் தாண்டி வரும் தெலுங்கு கங்கைத் திட்டம் அது. சென்னைக்குக் குடிதண்ணீர் என்பதோடு, வழியில் கடப்பா, நெல்லூர், சித்தூர் பக்கத்து வயல்களுக்கும் பாசனம். அந்தத் திட்டக் கால்வாயின் பாதைதான் களாக்கோழியின் புதர்க்காட்டின் மேல் போட்ட கோடு.

முதலில் 1986இல் பறவை கிடைத்தபோதே பாதையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்து, மாற்றவும் செய்தார்கள். அத்தோடு முடியவில்லை. 2005இன் கடைசியில் அனுமதியில்லாமல் இயந்திரங்கள் உள்ளே புகுந்து, பறவை பதிவான இடங்களை ஒட்டியே வெட்டத் தொடங்கின. ஆய்வாளர்கள் பார்த்துச் சொல்லி, வனத்துறை நிறுத்தி, விவகாரம் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு வரைக்கும் போய், கடைசியில் கால்வாய் சரணாலயத்தைச் சுற்றிப் போகும்படி ஆனது. இந்த நாட்டில் ஒரு பறவைக்காகக் கால்வாய் வளைந்தது சின்ன விஷயம் இல்லை. அதைச் செய்தவர்களுக்குக் கும்பிடு.

ஆனால் கால்வாய் வெட்டும் பள்ளத்தை விட, கால்வாய் வந்த பிறகு நடப்பதுதான் பெரிசு என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் கண்ணால் பார்த்தது இது. தண்ணீர் இல்லாத வரைக்கும் பீடு பீடாகவே கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கால்வாய் வருகிறது என்று பேச்சு அடிபட்டதும் விலை ஏறும், தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே ஜேசிபி வந்துவிடும். சரணாலய எல்லைக் கல்லுக்கு உள்ளே இருப்பதைச் சட்டம் காக்கலாம். கல்லுக்கு வெளியே இருக்கும் புதர் யாருடையதோ பட்டா, இல்லாவிட்டால் புறம்போக்கு. பறவைக்குக் கல் தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் நாலைந்து மீட்டருக்கு ஒரு புதர். நான் மாமாவைக் குறை சொல்லவும் இல்லை. நானும் பூண்டித் தண்ணீர் குடித்துச் சென்னையில் பத்து வருஷம் இருந்தவன்தான்.

உலக அளவில் இதை மிக அபாயகரமான நிலையில் உள்ள பறவை என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள், எண்ணிக்கை 50க்கும் 249க்கும் நடுவே இருக்கலாம் என்பது மதிப்பீடு. மதிப்பீடு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2000களின் இறுதிக்குப் பிறகு வெகுகாலம் உறுதியான பதிவே கிடைக்கவில்லை. தேடுவதும் கஷ்டமாகிவிட்டது, அதற்கு ஒரு காரணம் பறவைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. செம்மரம். லங்கமலை, சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா என்று அந்த மலைத்தொடர்கள் முழுக்கச் செம்மரம், உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. கூலிக்கு வெட்டப் போகிறவர்களில் நிறையப் பேர் ஜவ்வாது மலை, திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டு 20 பேர் செத்துப்போனது நமக்கு மறந்திருக்காது. அதற்கப்புறம் அந்தக் காடுகளில் ராத்திரியில் டார்ச்சோடு ஒரு தமிழ் பேசும் ஆள் நடந்து போனால் யார் என்ன நினைப்பார்கள்? ராத்திரியில் மட்டும் தெரியும் பறவையை, ராத்திரியில் மனுஷன் நடமாட முடியாத காட்டில் தேட வேண்டும்.

2025 ஆகஸ்டில் ஆந்திராவில் அதன் குரல் பதிவானதாகப் பறவை ஆர்வலர்கள் வட்டாரத்தில் செய்தி வந்தது. செய்தியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கலிவின்னா நம்ம களாவாடா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வரப்போரம் கல் நட்ட மூலையில், இயந்திரம் திரும்ப இடமில்லாமல் விட்டுப்போன நாலு புதர் இன்னும் நிற்கிறது. அதை எடுக்க அடுத்த வாரம் ஆள் வரச் சொல்லியிருந்தார். கிடக்கட்டும் விடு, ஊறுகாய்க்கு ஆகும் என்றார்.